மூலபாடமும் திரைப்படமும்: 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர் மீட்புப் பதிப்புகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு நூலின் எந்த வடிவம் மூலம் என்னும் வினா தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. சுவடிகளை ஒப்புநோக்கி, ஏடெழுதுவோர் பிழைகளைக் களைந்து, இடைச்செருகல்களை இனங்கண்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து அச்சேற்றும் பணி 19ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழில் தனித்துறையாகவே வளர்ந்து வந்துள்ளது. அதே வினா இன்று திரைப்படத்தைப் பற்றியும் எழுந்துள்ளது. பழைய படங்களின் முதல் வடிவம் கடைகளில் கிடைக்காதபோது, ரசிகர்களே பல்வேறு மூலங்களைத் தேடித் தொகுத்து, கணினியின் துணையால் சீர்செய்து, வீட்டில் பார்ப்பதற்குரிய பதிப்புகளை உருவாக்குகின்றனர். இம்முயற்சிகளைப் பொழுதுபோக்காகவோ பதிப்புரிமை மீறலாகவோ மட்டும் கண்டு ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. அவற்றைப் பதிப்புப் பணியாகக் கொண்டு, பதிப்புக்குரிய அளவுகோல்களாலேயே மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வகையில் மிக விரிவாகப் பணி நடைபெற்ற அமெரிக்கப் படமான 'ஸ்டார் வார்ஸ்' இங்கு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுகிறது.

படம் மாறிய வரலாறு

ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' 1977 மே 25 அன்று வெளியாயிற்று. அதன் தொடர்ச்சியான படங்கள் 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்தன. முதற்படம் வெளியான வடிவிலேயே நெடுநாள் நிலைக்கவில்லை. 1981 மறுவெளியீட்டில், தொடக்கத்தில் மேலேறிச் செல்லும் எழுத்துரையில் 'நான்காம் பகுதி' என்னும் குறிப்பும் 'ஒரு புதிய நம்பிக்கை' எனப் பொருள்படும் துணைத்தலைப்பும் சேர்க்கப்பட்டன.

பெரிய மாற்றம் 1997இல் நிகழ்ந்தது. படத்தின் மூல நெகட்டிவ் இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே நிறம் மங்கியிருந்தது. ஒளியியல் தந்திரக் காட்சிகளுக்குப் பயன்பட்ட படச்சுருள் வகை நிலைத்தன்மை குன்றியது என்பது இதற்கு முக்கியக் காரணம். நெகட்டிவைத் தூய்மை செய்து சீராக்கும் பணியும், புதிய காட்சிகளைச் சேர்க்கும் பணியும் ஒருசேர நடந்தன. இவற்றின் விளைவே 'சிறப்புப் பதிப்பு'. பாலைவனத் துறைமுக நகரில் கணினி வரைகலை உயிரினங்கள் உலவலாயின. படப்பிடிப்பின்போது மனித நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்டு 1977இல் பயன்படுத்தாமல் விடப்பட்ட ஒரு காட்சி, அந்நடிகரின் இடத்தில் வரைகலை உருவத்தைப் பொருத்திச் சேர்க்கப்பட்டது. மதுக்கூடக் காட்சியில் ஹான் சோலோ மட்டும் சுட்டு எதிராளியைக் கொல்வது மாறி, எதிராளி முதலில் சுட, அவன் பின்னர்ச் சுடுவதாக அமைந்தது. இறுதியாகக் கூறியது வெறும் தோற்ற மாற்றமன்று. தன்னலமும் தந்திரமும் மிக்கவனாக அறிமுகமாகி, இறுதியில் பிறர்க்காகத் திரும்பி வருபவனாக வளரும் பாத்திரத்தின் தொடக்கப்புள்ளியையே அது இடம்பெயர்க்கிறது.

2004இல் டிவிடியிலும், 2011இல் புளூ-ரேயிலும், 2019இல் டிஸ்னி நிறுவனத்தின் இணையவழி ஒளிபரப்பிலும் மாற்றங்கள் தொடர்ந்தன. 1977ஆம் ஆண்டு வடிவம் 2006இல் டிவிடியின் துணைவட்டில் வெளியிடப்பட்டது. ஆனால் அது 1993ஆம் ஆண்டு லேசர் வட்டுக்காக உருவாக்கப்பட்ட பழைய வீடியோ மூலத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். அகலத்திரைத் தொலைக்காட்சிக்கு ஏற்பப் புதுப்பிக்கப்படாத அவ்வடிவமே, 2025 முடிய வீட்டுப் பார்வைக்கு உரிமையாளர் தரப்பிலிருந்து கிடைத்த கடைசி முதல்வடிவமாக இருந்தது. ரசிகர் பதிப்புகள் பிறந்த வெற்றிடம் இதுவே.

ஆசிரியரே செய்யும் இடைச்செருகல்

சுவடி மரபில் பாடம் கெடுவதற்குப் படியெடுப்போரும் பிற்காலப் புலவரும் காரணமாவர். கம்பராமாயணப் பதிப்புகள் மிகைப்பாடல்களைப் பிரித்து வைப்பது, அவை கம்பன் வாக்கல்ல என்னும் தீர்ப்பின் அடிப்படையில்தான். ஆசிரியன் ஒருபுறமும் சிதைவு மறுபுறமும் நிற்க, பதிப்பாசிரியர் ஆசிரியன் பக்கம் நின்று வழக்காடுகிறார். 'ஸ்டார் வார்ஸ்' இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. இங்கே செருகல் செய்பவர் படைப்பாளியே. அவருக்கு எதிராக நின்று முதற்பாடத்தைக் காப்போர் சுவைஞர்கள்.

படைப்பாளியின் திருத்தம் இலக்கியத்திலும் உண்டு. புதுமைப்பித்தன் கதைகளை 2000இல் பதிப்பித்த ஆ. இரா. வேங்கடாசலபதி, இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பதிவு செய்தார். அங்கு இரு வடிவங்களும் வாசகன் கைக்கு எட்டுகின்றன. திருத்திய வடிவம் முந்தைய வடிவத்தை அழிக்கவில்லை. லூகாஸின் நிலைப்பாடு வேறானது. சிறப்புப் பதிப்பே தாம் எண்ணிய படம், முந்தையது முற்றுப்பெறாத முயற்சி என்னும் கருத்தை அவர் பேட்டிகளில் வெளிப்படுத்தியுள்ளார். ஆசிரியரின் இறுதி விருப்பமே பாடத்தை முடிவு செய்யும் என்னும் கொள்கை மேலைநாட்டு மூலபாட ஆய்விலும் செல்வாக்குடன் இருந்ததே. அதன்படி நோக்கினால் அவர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் ஜெரோம் மக்கான் 1983இல் வெளியிட்ட நூலில் அக்கொள்கையை மறுத்தார். ஆசிரியர், பதிப்பாளர், அச்சகத்தார், வாசகர் ஆகிய பலரும் கூடிய சமூக நிகழ்வாகவே ஒரு நூல் உருப்பெறுகிறது என்பது அவர் வாதம். கூட்டுக்கலையான திரைப்படத்திற்கு இவ்வாதம் மேலும் பொருந்தும். 1977ஆம் ஆண்டுப் படத்தில் காட்சித்தந்திரக் கலைஞர்கள், படத்தொகுப்பாளர்கள், ஒலிக்கலைஞர்கள் ஆகியோரின் உழைப்பு அடங்கியுள்ளது. அப்படம் காட்சித்தந்திரம், படத்தொகுப்பு, ஒலி ஆகியவற்றுக்கான ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. பின்னாளில் அக்காட்சிகள் மாற்றப்படும்போது, பாராட்டப் பெற்ற அந்த உழைப்பே கண்ணுக்கு மறைகிறது. இயக்குநர் ஒருவரின் இறுதி விருப்பம் அனைவர் ஆக்கத்தையும் நீக்கும் அதிகாரம் பெறுமா என்பதே இங்கு அடிப்படை வினா.

கலவைப் பாடம்: 'டிஸ்பெஷலைஸ்டு எடிஷன்'

சிறப்புப் பதிப்பின் மாற்றங்களை நீக்கிய வடிவம் என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட 'டிஸ்பெஷலைஸ்டு எடிஷன்' செக் நாட்டு ஆர்வலர் ஒருவர் தலைமையில், பல நாட்டு ரசிகர்களின் துணையுடன் 2010களின் முதற்பாதியில் உருவாயிற்று. 2011 புளூ-ரே இதன் அடிப்படைப் பாடமாக அமைந்தது. அதில் மாற்றப்பட்ட இடங்கள்தோறும் 2006 டிவிடி, பழைய படச்சுருள்களிலிருந்து ஸ்கேன் செய்த பகுதிகள் முதலியவை பொருத்தப்பட்டன. ஒரே சட்டகத்தின் ஒரு பகுதி புதிய மூலத்திலிருந்தும் மற்றொரு பகுதி பழைய மூலத்திலிருந்தும் எடுக்கப்பட்ட இடங்களும் உள. உருவங்களின் விளிம்பைச் சட்டகம் சட்டகமாக வரைந்து பிரித்து, பின்னணியை மாற்றி ஒட்டும் உழைப்பு இதற்குத் தேவைப்பட்டது. 2004ஆம் ஆண்டு முதல் மாறிவிட்ட வண்ண அமைப்பும், நிறம் மங்காத பழைய பிரதியை அளவுகோலாகக் கொண்டு திருத்தப்பட்டது. பிம்பத்தின் செங்குத்து அளவு 720 வரிகள்.

பல சான்றுகளிலிருந்து சிறந்ததைத் தேர்ந்து ஒன்றாக்கும் இம்முறை, பதிப்பியலில் கலவைப் பாடம் எனத்தக்கது. புணே பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் மகாபாரதப் பதிப்பு பல சுவடிகளை ஒப்பிட்டு, எந்த ஒரு தனிச்சுவடியிலும் அப்படியே காணப்படாத ஒரு பாடத்தை நிறுவியது. அதைப் போன்றே 'டிஸ்பெஷலைஸ்டு' வடிவமும் எந்தத் திரையரங்கிலும் இதே உருவில் ஓடிய படம் அன்று. புளூ-ரேயின் கூர்மை 1977ஆம் ஆண்டுப் பிரதி எதிலும் இருந்திருக்க இயலாது.

இப்பதிப்பின் சிறப்பு குறைகளையும் மீட்டதில் உள்ளது. பாலைவனத்தில் மிதந்து செல்லும் ஊர்தியின் சக்கரங்களை மறைப்பதற்காக 1977இல் கையாண்ட உத்தி, ஊர்தியின் அடியில் செம்மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. சிறப்புப் பதிப்பு அதனைத் துடைத்தது. ரசிகர் பதிப்பு அம்மங்கலைத் திரும்பக் கொணர்ந்தது. அழகு கருதி மூலத்தைத் திருத்துவது பதிப்பாசிரியர் பணியன்று என்னும் தெளிவு இதில் புலப்படுகிறது. பழைய இலக்கணத்துக்கு ஒவ்வாத வழக்கைச் சுவடியில் உள்ளவாறே நிறுத்தும் பதிப்பாசிரியரின் கட்டுப்பாடு இதற்கு நிகரானது.

குறை மற்றோரிடத்தில் உள்ளது. ஒட்டுவேலையின் வெற்றி, ஒட்டு தெரியாமலிருப்பதில் அளக்கப்படுகிறது. எந்தச் சட்டகம் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதைப் படத்தைப் பார்ப்பவர் அறிய இயலாது. மூலங்களை விளக்கும் தனி விளக்கப்படம் ஒன்றை இப்பதிப்பாளர் உருவாக்கியுள்ளார் என்பது உண்மை. ஆனால் அவ்விளக்கம் பாடத்தோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. படம் கைமாறிக் கைமாறிப் பரவும்போது விளக்கம் பின்தங்கிவிடுகிறது. முன்னுரை கிழிந்துபோன பதிப்பைப் பெறும் வாசகனின் நிலையே பார்வையாளருக்கும் நேர்கிறது. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில், ஒப்புநோக்க உதவிய ஏட்டுப்பிரதிகளையும் அவற்றை அளித்தோரையும் நிரல்படக் குறித்த மரபோடு ஒப்பிட்டால் இக்குறை தெளிவாகும்.

ஒற்றைச் சான்று: '4கே77'

2018இல் வெளிவந்த '4கே77' வேறு கொள்கையில் எழுந்தது. 1977ஆம் ஆண்டின் 35 மி.மீ. டெக்னிகலர் பிரதி ஒன்றை ஸ்கேன் செய்து, படத்தின் ஏறத்தாழ 97 விழுக்காட்டை அந்த ஒரே பிரதியிலிருந்து எடுத்ததாக இதனை உருவாக்கிய குழு குறிப்பிடுகிறது. எஞ்சியவை பிற பிரதிகளால் நிரப்பப்பட்டன.

டெக்னிகலர் பிரதியைத் தேர்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அக்காலத்து ஈஸ்ட்மென் வண்ணப் பிரதிகளில் சாயங்கள் சிதைந்து, படம் நாளடைவில் செந்நிறமாகிவிடும். சாயத்தை அச்சுப்போல் ஒற்றி எடுக்கும் டெக்னிகலர் முறையில் வண்ணம் நெடுங்காலம் நிலைக்கும். அமெரிக்காவில் அம்முறை 1970களின் நடுவில் கைவிடப்பட்டது. இலண்டன் ஆய்வகத்தில் அது மேலும் சில ஆண்டுகள் நீடித்தமையால்தான் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அத்தகைய பிரதிகள் கிடைத்தன. நிறம் பற்றிய மிக நம்பகமான சான்று ஒரு தற்செயலான தொழிற்சூழலால் பிழைத்திருக்கிறது. செல்லுக்கும் தீக்கும் தப்பிய சுவடிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

பல பாடங்களைக் கலப்பதைவிடச் சிறந்த ஒரு சுவடியைத் தேர்ந்து அதனைப் பின்பற்றுவதே நேர்மையானது என்று பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பெடியே 1928இல் வாதிட்டார். '4கே77' அவ்வாதத்தின் திரைப்பட வடிவம் எனலாம். இங்கு காணப்படுவது கற்பித்த மூலமன்று, உண்மையில் திரையிடப்பட்ட ஒரு பிரதி. கீறல்களும் சுருள் மாற்றக் குறிகளும் நுண்மணிகளும் கொண்ட பொருள் அது. நுண்மணிகளைக் குறைத்த வடிவம், குறைக்காத வடிவம் என இரண்டையும் வெளியிட்டமை இக்குழுவின் பதிப்புணர்வுக்குச் சான்று. தலையீடு இன்றிய பாடமும் தலையீடு செய்த பாடமும் அருகருகே நிற்பதால், பார்வையாளர் ஒப்பிட்டு முடிவு செய்ய இயல்கிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. திரையரங்குப் பிரதி நெகட்டிவிலிருந்து நேரே பிறப்பதில்லை. இடைநிலைப் படிகள் சிலவற்றைக் கடந்தே அது உருவாகிறது. ஒவ்வொரு படியிலும் நுண்விவரம் சிறிது இழக்கப்படுகிறது, ஒளிநிழல் முரண் மிகுகிறது. ஆகவே 4கே என்னும் அளவு ஸ்கேன் செய்த நுட்பத்தைக் குறிக்குமேயன்றி, பிரதியில் உள்ள விவரத்தின் அளவைக் குறிக்காது. மேலும், ஒளிவிளக்கின் வழியே வெண்திரையில் விழுந்த படமும் வீட்டுத் திரையில் ஒளிரும் படமும் ஒன்றல்ல. 1977இல் கண்டது இதுவே என்னும் கூற்றை, ஒரு பிரதி காட்டுவது இது என்று திருத்திக்கொள்வதே பொருந்தும்.

'மூலம்' ஒன்றா, பலவா?

ரசிகர் உரையாடலில் 'மாற்றப்படாத மூலம்' என்னும் தொடர் ஒருமையில் வழங்குகிறது. சான்றுகள் அவ்வொருமையை ஏற்பதில்லை. 1977இலேயே இப்படத்துக்கு மூன்று ஒலிக்கலவைகள் இருந்தன. 70 மி.மீ. பிரதிகளுக்கு ஆறுதட ஒலி, 35 மி.மீ. பிரதிகளுக்கு டால்பி ஸ்டீரியோ, பிற திரையரங்குகளுக்கு ஒற்றைத்தட ஒலி என அவை அமைந்தன. கடைசியாக முடிக்கப்பட்ட ஒற்றைத்தடக் கலவையில் சில உரையாடல்கள் வேறுபடுகின்றன. கதைநாயகனின் அத்தையாக வரும் பாத்திரத்தின் குரலே அதில் வேறொன்று. எனவே ஒரே ஆண்டில் வெவ்வேறு அரங்குகளில் அமர்ந்தோர் கேட்ட படம் ஒன்றாக இருக்கவில்லை.

'டிஸ்பெஷலைஸ்டு' பதிப்பு இச்சிக்கலைக் கையாண்ட முறை பாராட்டத்தக்கது. ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளாமல், மூன்று கலவைகளையும் தனித்தனி ஒலித்தடங்களாக அது தருகிறது. பார்வையாளர் விரும்பியதைத் தேர்ந்து கேட்கலாம். அடிக்குறிப்பில் பாடவேறுபாடு தரும் அச்சுப்பதிப்பின் பணியை இங்கு ஒலித்தடத் தேர்வு செய்கிறது. பிம்பத்தில் ஒட்டை மறைத்த அதே பதிப்பு, ஒலியில் வேறுபாட்டை வெளிப்படையாக வைத்தது. இந்த இரண்டாம் வழியே பின்பற்றத்தக்கது.

விடுபட்டதை நிரப்பும் முறை

அழிந்த பகுதியை என்ன செய்வது என்பதில்தான் மீட்புப் பணியின் நேர்மை வெளிப்படும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் வெற்றிடமாகவே நிறுத்தப்பட்டுள்ளன. சிதைந்த அடிகள் புள்ளியிட்டுக் காட்டப்பெறுகின்றன. திரைப்படத்தில் இதற்கு இணையான நன்முயற்சி ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' (1927) படத்தின் 2010ஆம் ஆண்டு மீட்புப் பதிப்பு. 2008இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் தெரியவந்த 16 மி.மீ. பிரதியிலிருந்து, நெடுங்காலம் காணாமற்போயிருந்த காட்சிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஆழப்பதிந்த கீறல்களை முற்றிலும் நீக்க இயலவில்லை. அதனால் எப்பகுதி எம்மூலத்தினது என்பதைப் பார்த்த அளவிலேயே அறிய முடிகிறது. நிரப்பிய இடம் முழுமையைக் குலைக்காமலும், உற்றுநோக்குவோர்க்குப் புலப்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்று இத்தாலிய அறிஞர் செசாரே பிராந்தி 1963இல் ஓவிய மீட்புக்கு வகுத்த நெறியோடு இது ஒத்துச் செல்கிறது.

இதற்கு நேர்மாறான போக்கு செயற்கை நுண்ணறிவின் வரவால் பெருகியுள்ளது. லூமியேர் சகோதரர்களின் தொடர்வண்டி வருகைப் படத்தை நொடிக்கு 60 சட்டகங்களாகவும் 4கே நுட்பமாகவும் மாற்றிய ஆர்வலர் முயற்சி ஒன்று 2020இல் பெரும் வரவேற்பைப் பெற்றது. கைச்சுழற்சியால் நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்களாகப் பதிவான படத்தில் எஞ்சிய சட்டகங்கள் எங்கிருந்து வந்தன? இரண்டு சட்டகங்களுக்கிடையே நிகழ்ந்திருக்கக்கூடியதைக் கணினி ஊகித்து வரைந்தது. பொருளும் சந்தமும் பொருந்துமாறு இன்னோர் அடியை இயற்றிப் புள்ளியிட்ட இடத்தில் எழுதுவதற்கு இது ஒப்பாகும். கண்ணுக்கு இனிமையாயினும் அது மீட்பன்று, புத்தாக்கம். உரிமையாளர்களின் வெளியீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஜேம்ஸ் கேமரனின் பழைய படங்கள் 2024இல் 4கே வட்டுகளாக வந்தபோது, முகங்கள் மெழுகுபோல் மழுங்கின என்னும் குறை பரவலாக எழுந்தது. ஆகவே உரிமையாளர் வெளியீடு, ரசிகர் வெளியீடு என்னும் பிரிவு தரத்தின் அளவுகோலாகாது. சான்றுக்குக் கட்டுப்பட்டதா, கட்டுப்படாததா என்பதே அளவுகோல்.

உரிமையும் பொறுப்பும்

ரசிகர் பதிப்புகளுக்குச் சட்ட ஒப்புதல் இல்லை. விற்பனை கூடாது, அதிகாரபூர்வ வட்டை வாங்கியவரே பயன்படுத்த வேண்டும் என்னும் நெறிகளை இவ்வார்வலர்கள் தமக்குள் வகுத்துள்ளனர். எனினும் அவை அறநெறிகளேயன்றிச் சட்டப் பாதுகாப்பல்ல. இவர்கள் பயன்படுத்தும் மூலங்கள் பொது நிறுவனங்களில் வைக்கப்பட்டவையல்ல ஆதலின், பிறர் சரிபார்க்க இயலாமையும் ஒரு குறையே.

மறுபக்கமும் எண்ணத்தக்கது. 1988இல் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றும் வழக்கத்துக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் சான்றளித்தவர்களுள் லூகாஸும் ஒருவர். கலைப்படைப்புகள் உரிமையாளரின் விருப்பப்படி உருமாற்றப்பட்டால் வருந்தலைமுறைக்கு மூலம் கிட்டாது என்னும் கவலை அதில் ஒலித்தது. அவர் எதிர்த்தது, படைப்பாளியல்லாத உரிமையாளர் செய்யும் மாற்றத்தை. எனவே அவரை முரண்பட்டவர் என்று எளிதில் முத்திரை குத்துதல் சரியன்று. ஆயினும் வருந்தலைமுறையின் இழப்பு, மாற்றியவர் யார் என்பதைப் பொறுத்துக் குறைவதில்லை. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் முதலாவதாகச் சேர்க்கப்பட்ட 25 படங்களுள் 'ஸ்டார் வார்ஸ்' ஒன்று. அவ்வாண்டில் சிறப்புப் பதிப்பு பிறக்கவே இல்லை. நாட்டின் பண்பாட்டுச் செல்வம் என ஏற்கப்பட்டது முதல்வடிவமே.

நிறுவனங்கள் இப்பொறுப்பை ஏற்கக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. 2025 ஜூனில் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் தன் காப்பகத்திலிருந்த 1977ஆம் ஆண்டு டெக்னிகலர் பிரதியை இலண்டனில் பொதுமக்களுக்குத் திரையிட்டது. ரசிகர்கள் பல்லாண்டு வலியுறுத்திய கருத்து, ஒரு தேசியக் காப்பகத்தின் திரையில் அன்று ஏற்பைப் பெற்றது எனலாம்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ரசிகர் மீட்புப் பதிப்பு, மூலபாட ஆய்வின் இரு பெருநெறிகளையும் தன்போக்கில் கண்டடைந்துள்ளது. கலவைப் பாடமாகிய 'டிஸ்பெஷலைஸ்டு' படிப்பதற்குரிய பதிப்பாகவும், ஒற்றைச் சான்றாகிய '4கே77' ஆய்வதற்குரிய பதிப்பாகவும் அமைகின்றன. ஒன்று மற்றொன்றை வேண்டாததாக்கவில்லை. முன்னதன் பிம்பக் கூர்மையைப் பின்னதன் வண்ணமும் நுண்மணியும் கொண்டே சரிபார்க்க இயலும். இரண்டிலும் குறைவாக உள்ளது மூலக்குறிப்பு. இன்ன சட்டகம் இன்ன மூலம் என்னும் அட்டவணை பாடத்தினின்று பிரியாவண்ணம் இணைக்கப்படுமாயின், இம்முயற்சிகள் ஆர்வத்தின் நிலையினின்று புலமையின் நிலைக்கு உயரும்.

இந்தியச் சூழலில் இவ்வாய்வுக்குக் கூடுதல் பொருள் உண்டு. இந்தியாவின் முதற்பேசும்படமான 'ஆலம் ஆரா', தமிழ் பேசிய முதற்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' (இரண்டும் 1931) ஆகியவற்றின் பிரதிகள் எஞ்சவில்லை. ஒரு படத்துக்குச் சான்றுகள் மிகுந்து எது மூலம் என வழக்காடும் நிலை, சான்றே இல்லாத நிலையினும் மேலானது. எஞ்சியுள்ள தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை, எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், எந்த ஆண்டுத் தணிக்கை வடிவம், எவரிடமிருந்து பெறப்பட்டது என்னும் குறிப்புகளோடு பதிப்பு விவரம் எழுதும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. சுவடிப் பதிப்பில் அத்தகைய விவரத்தை எழுதிப் பழகிய துறையினர் இப்பணிக்கு உரியவர்களாவர்.